பதினேழுக்குப் பூஜ்யம்

2025ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், சனிக்கிழமை. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் அப்பா, அப்பாயி, தம்பி, நான் ஆகிய நால்வரும் அமர்ந்திருந்தோம். அம்மா சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். மதுரையில் ஆடவர் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி. இந்தியாவும் ஓமனும் மோதின.

முதல் கோலுக்குத் தம்பி எழுந்து குதித்தான். ஐந்தாவது கோலுக்கு உட்கார்ந்தபடியே கை தட்டினான். பத்தாவது கோலுக்குக் கை தட்டவே இல்லை. ஆட்டம் முடிந்தபோது இந்தியா 17, ஓமன் பூஜ்யம். வென்றது நம் நாடு. ஆயினும் எங்கள் கூடத்தில் ஆரவாரம் இல்லை.

அப்பாயிக்கு ஹாக்கி தெரியாது. ஆனால் ஆட்டம் முழுவதையும் கண் இமைக்காமல் பார்த்திருந்தார். கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டார்:

"ஏன்டா, அந்தப் புள்ளைங்க இப்படித் தோத்துப் போவாங்கன்னு முன்னாடியே தெரியும்ல? பொறவு எதுக்குக் கூப்புட்டாங்க?"

தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், அந்தக் கேள்வியை அதற்குச் சில மாதங்களுக்கு முன் வேறோர் இடத்தில் நான் கேட்டிருந்தேன். அங்கே 'அந்தப் புள்ளைங்க' என்பது நாங்கள்தாம்.

நம் பள்ளிக் கைப்பந்து அணி அவ்வாண்டு குறுவட்டப் போட்டிக்குச் சென்றது. நானும் அணியில் ஒருத்தி. முதல் ஆட்டத்திலேயே ஒரு பெரிய நகரத்துப் பள்ளியோடு மோத நேர்ந்தது. 25–4, 25–6 என்று தோற்றோம். ஆட்டம் அரைமணி நேரம்கூட நீடிக்கவில்லை. தோற்றால் வெளியேற வேண்டும் என்பது விதி. ஆகவே காலை பத்தரை மணிக்கெல்லாம் எங்கள் ஆண்டு முடிந்துவிட்டது. கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை மரத்தடியில் அமர்ந்து உண்டுவிட்டுப் பேருந்து ஏறினோம். பின்னர் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தையார் எழுந்து, "படிக்கிற புள்ளைங்களை வேலை மெனக்கெட்டு அவமானப்படவா அனுப்புறது? அடுத்த வருஷம் வேண்டாமே" என்றார். அவர் தீய எண்ணத்தில் கூறவில்லை. தம் மகள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்ததைப் பார்த்தவர் அவர்.

அடுத்த ஆண்டு அணியை அனுப்புவதா, வேண்டாமா? நான் இப்பள்ளியை விட்டுச் செல்லவிருக்கிறேன். என் தங்கையருக்காக இந்தக் கேள்விக்கு விடை தேட விரும்புகிறேன். நமக்கு நேர்ந்ததுதான் உலக அரங்கில் நாடுகளுக்கும் நேர்கிறது. ஆகவே, அங்கிருந்தே தொடங்குவோம்.

வாசல் அகன்றது

2025இல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த அந்த உலகக் கோப்பையில் 24 நாடுகள் ஆடின. அதற்கு முன் 16 நாடுகளே ஆடி வந்தன. நம் தமிழ்நாடு அந்தப் போட்டியை நடத்தியது. காங்கேயம் காளையைச் சின்னமாக்கி, 'காங்கேயன்' என்று பெயரும் சூட்டியது. முதலில் அழைக்கப்பட்டிருந்த பாகிஸ்தான் வரவில்லை. அந்த இடத்தை நிரப்ப, போட்டி தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது ஓமன் அழைக்கப்பட்டது. எட்டு நாடுகளைக் கூடுதலாகச் சேர்த்தால், அவற்றுள் சில முதல்தர நாடுகளோடு ஈடுகொடுக்க இயலாதவையாகத்தான் இருக்கும். இது எவரும் எதிர்பார்க்கக்கூடியதே.

அதே டிசம்பரில் சிலி நாட்டின் சாண்டியாகோ நகரில் மகளிர் இளையோர் உலகக் கோப்பை நடந்தது. அதிலும் 24 நாடுகள். நம் பெண்கள் முதல் ஆட்டத்தில் நமீபியாவை 13–0 என்று வென்றார்கள். அடுத்த ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 1–3 என்று தோற்றார்கள். இறுதியில் நமக்குக் கிடைத்தது பத்தாவது இடம். பதின்மூன்று கோல் போட்டவர்களுக்கும் மேலே ஒன்பது படிகள் இருந்தன! ஆகவே 'வலியவர்', 'மெலியவர்' என்று இரண்டே சாதிகள் இல்லை. ஒரு நீண்ட ஏணி இருக்கிறது. அதில் ஒவ்வொருவரும் ஒருவருக்கு மேலும் ஒருவருக்குக் கீழும் நிற்கிறோம்.

இதற்கு இன்னும் கூர்மையான சான்று ஒன்று உண்டு. பனித்தரை ஹாக்கி என்ற ஆட்டத்தை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். உறைந்த பனித்தரையில், காலில் சறுக்குக் காலணி பூட்டிக்கொண்டு, பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு ஒன்றை அடித்து ஆடுவது. 2008 செப்டம்பரில், வான்கூவர் ஒலிம்பிக்கிற்கான மகளிர் தகுதிச் சுற்றில் ஸ்லோவாக்கியா பல்கேரியாவை 82–0 என்று வென்றது. அறுபது நிமிட ஆட்டம். கணக்கிட்டுப் பாருங்கள், 44 விநாடிக்கு ஒரு கோல்! அந்த ஸ்லோவாக்கியா 2010இல் ஒலிம்பிக்கிற்குச் சென்றது. அங்கே முதல் ஆட்டத்தில் கனடாவிடம் 18–0 என்று தோற்றது. எண்பத்திரண்டு போட்டவர்களுக்கே பதினெட்டு விழுந்தது!

அப்போது சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்த ஜாக் ரோகே, இந்த இடைவெளி குறையாவிட்டால் மகளிர் பனித்தரை ஹாக்கி ஒலிம்பிக்கில் நீடிப்பது கடினம் என்று எச்சரித்தார். அவர் அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1998இல் அவ்விளையாட்டு ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது முதல் 2022 வரை ஏழு தங்கப் பதக்கங்கள். ஏழையும் கனடாவும் அமெரிக்காவுமே பங்கிட்டுக்கொண்டன.

நாமும் கீழ்ப்படியில் நின்றதுண்டு

மெலிந்தவர்களை அழைக்க வேண்டாம் என்று சொல்வதற்கு முன் நம் நாட்டுக் கதையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

1932இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இந்தியா அமெரிக்காவை 24–1 என்று வென்றது. ரூப்சிங் மட்டுமே பத்துக் கோல், அவர் அண்ணன் தியான்சந்த் எட்டுக் கோல். இதை நாம் பெருமையுடன் படிக்கிறோம். ஆனால் அப்போட்டியில் ஆடியவை மூன்றே நாடுகள் என்பதை மறந்துவிடுகிறோம். இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. உலகப் பொருளாதார மந்தமும் நெடுந்தூரப் பயணமும் மற்றவர்களை வரவிடாமல் தடுத்தன. அமெரிக்கா இரண்டு ஆட்டத்திலும் தோற்று, வெண்கலப் பதக்கம் பெற்றது. ஆகவே, நாடுகளைக் கூட்டியதால்தான் இடைவெளி வந்தது என்பது சரியன்று. மூன்று பேர் ஆடியபோதும் இடைவெளி இருந்தது.

பின்பு காலச்சக்கரம் சுழன்றது. 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைப் புல்தரையில் ஆடப்பட்டது. அதுவரை ஒலிம்பிக்கில் பதக்கம் பெறாமல் திரும்பியறியாத இந்திய ஆடவர் அணி அங்கே ஏழாவது இடத்திற்கு இறங்கியது. 1986இல் லண்டனில் நடந்த உலகக் கோப்பையில் பன்னிரண்டு நாடுகளில் பன்னிரண்டாவது இடம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்குத் தகுதியே பெறவில்லை. நம் வீரர்களின் கையில் இருந்த திறமை ஒரே இரவில் மறைந்துவிடவில்லை. காலடியில் இருந்த தரை மாறியது. அந்தத் தரை ஐரோப்பியச் சிறுவர்களுக்கு அடுத்த தெருவில் கிடைத்தது. நம் சிறுவர்களுக்குப் பல நூறு மைல் தொலைவிலும் அரிதாகவே கிடைத்தது. பரப்பளவில் தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைந்த நெதர்லாந்து ஹாக்கியில் உலகையே ஆட்டி வைப்பதன் இரகசியமும் இதுதான்.

கிரிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1975, 1979 ஆகிய இரு உலகக் கோப்பைகளிலும் சேர்த்து இந்தியா ஆறு ஆட்டங்கள் ஆடியது. வென்றது ஒன்றே ஒன்று, கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு எதிராக. 1979இல் டெஸ்ட் தகுதிகூட இல்லாத இலங்கையிடமும் தோற்றது. 'இந்த இரண்டு பேரும் எதற்கு?' என்று அன்றே கதவைச் சாத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1983இல் கோப்பையை வென்றது இந்தியா. 1996இல் வென்றது இலங்கை!

பெண்களின் கதை இன்னும் அருமையானது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் மகளிர் ஹாக்கி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் இடங்கள் காலியாயின. சில வாரங்களே இருந்தபோது, அவ்வாண்டு ஏப்ரலில்தான் விடுதலை பெற்றிருந்த ஜிம்பாப்வேக்கு அழைப்புப் போயிற்று. இடத்தை நிரப்ப வந்த அந்த அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. தங்கப் பதக்கத்தோடு வீடு திரும்பியது! அப்போட்டியில் நம் இந்தியப் பெண்கள் அதே ஜிம்பாப்வேயுடன் 1–1 என்று சமமாக ஆடி, நான்காம் இடம் பெற்றார்கள்.

கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட ஓமன் 17–0 என்று தோற்றது. கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட ஜிம்பாப்வே தங்கம் வென்றது. வேறுபாடு எங்கே? ஜிம்பாப்வே வீராங்கனைகள் தம் ஊர்க் கழகங்களில் ஆண்டுக்கணக்கில் ஆடிப் பழகியவர்கள். அரசியல் காரணங்களால் உலகம் அவர்களுக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்தது; அவர்களுடைய கால்கள் சோம்பியிருக்கவில்லை. அந்த அணியில் இருந்த அனைவரும் அந்நாட்டு வெள்ளையர்களே என்பதையும் இங்கே மறைக்கக் கூடாது. விளையாட்டுத் திடல் அன்று அந்நாட்டில் எல்லாப் பெண்களுக்கும் திறந்திருக்கவில்லை. அழைப்பு கிடைத்த நாளில் ஆயத்தமாக இருந்தவர்கள், அதுவரை ஆட வாய்ப்புப் பெற்றிருந்தவர்களே.

ஆறுக்கு ஒன்று, பூஜ்யத்துக்கு ஒன்று

மாஸ்கோவுக்குப் பின் நம் மகளிர் ஹாக்கி அணி அடுத்த ஒலிம்பிக்கிற்குச் செல்ல எத்தனை ஆண்டுகள் ஆயின தெரியுமா? முப்பத்தாறு ஆண்டுகள்! 2016இல் ரியோ நகருக்குச் சென்றார்கள். ஐந்து ஆட்டங்களில் ஒன்றில்கூட வெற்றி இல்லை. ஜப்பானுடன் மட்டும் சமன். ஆஸ்திரேலியாவிடம் 6–1 என்று தோற்றார்கள். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம்.

அந்தத் தந்தையார் அன்று ரியோவில் இருந்திருந்தால், "இனி அனுப்ப வேண்டாம்" என்றுதான் சொல்லியிருப்பார்.

அனுப்பினார்கள். அனுப்பியதோடு நிற்கவில்லை. நல்ல பயிற்சியாளர்களை அமர்த்தினார்கள். உடற்பயிற்சி முறையை மாற்றினார்கள். வெளிநாட்டு அணிகளோடு அடிக்கடி ஆட ஏற்பாடு செய்தார்கள். 2018இல் ஒடிசா மாநில அரசு ஆடவர், மகளிர் ஆகிய இரு தேசிய அணிகளின் செலவிலும் பங்கேற்க முன்வந்தது.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக். முதல் மூன்று ஆட்டங்களிலும் நம் பெண்கள் தோற்றார்கள். நெதர்லாந்திடம் 5–1, ஜெர்மனியிடம் 2–0, பிரிட்டனிடம் 4–1. பலர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டிருப்பார்கள். ஆனால் அயர்லாந்தை 1–0 என்றும், தென்னாப்பிரிக்காவை 4–3 என்றும் வென்று, குழுவில் நான்காவதாகக் கால் இறுதிக்குள் நுழைந்தார்கள். அங்கே எதிரே நின்றது யார்? அதே ஆஸ்திரேலியா! ஆகஸ்டு 2ஆம் நாள் குர்ஜித் கௌர் ஒரு கோல் போட்டார். கோல் காத்த சவிதா ஒன்றையும் உள்ளே விடவில்லை. 1–0. ஐந்தே ஆண்டுகளில் 6–1 என்ற தோல்வி 1–0 என்ற வெற்றியாக மாறியது. இறுதியில் நான்காம் இடமே கிடைத்தது என்றாலும், நாடு அவர்களைப் பதக்கம் வென்றவர்களைப் போலவே வரவேற்றது.

உயர்ந்தவர் உயர்ந்தபடியே இருப்பர் என்றும் சொல்ல முடியாது. அந்த அணி 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவில்லை. ஏணியில் ஏறுவது ஒரு வேலை. ஏறிய படியில் நிற்பது இன்னொரு வேலை.

கால்பந்திலும் ஓர் எடுத்துக்காட்டு. மகளிர் உலகக் கோப்பையில் 2019இல் 24 நாடுகள் ஆடின. அமெரிக்கா தாய்லாந்தை 13–0 என்று வென்றது. 'இருபத்து நான்கே அதிகம்' என்று பலர் பேசினார்கள். ஆனால் 2023இல் அது 32 நாடுகளாயிற்று. புதிதாக வந்த மொராக்கோ முதல் ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 6–0 என்று தோற்றது. 'பார்த்தீர்களா!' என்று குறை கூறுவோர் வாய் திறப்பதற்குள், அது தென்கொரியாவையும் கொலம்பியாவையும் வென்றது. குழு ஆட்டங்கள் முடிந்தபோது அடுத்த சுற்றுக்குச் சென்றது மொராக்கோ. மூட்டை கட்டியது ஜெர்மனி! இது மந்திரத்தால் நிகழவில்லை. மொராக்கோ தன் நாட்டில் பெண்களுக்கென்று தொழில்முறை லீக் போட்டிகளை முன்னரே தொடங்கி நடத்தி வந்தது.

எதிர்வாதத்தையும் கேட்போம்

ஒரு பக்க நியாயம் முழு நியாயம் ஆகாது. எதிர்த்தரப்பினர் கூறுவதிலும் உண்மை உண்டு.

"முடிவு தெரிந்த ஆட்டத்தை எவர் பார்ப்பார்?" என்று கேட்கிறார்கள். என் தம்பியே பத்தாவது கோலுக்குக் கை தட்டவில்லை. "எண்ணிக்கைக்காக அழைத்து ஏளனத்துக்கு ஆளாக்குவது அன்பா?" என்று கேட்கிறார்கள். 82–0 என்ற ஆட்டத்தில் பல்கேரியப் பெண்கள் எதைக் கற்றிருக்க முடியும்? பந்தைத் தொட வாய்ப்பே இல்லாத ஆட்டம் பாடம் ஆகாது. இதை ஒப்புக்கொள்கிறேன். பனித்தரை ஹாக்கிக்காரர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் பெண்களின் போட்டியை நிறுத்திவிடவில்லை. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் வலிய நான்கு அணிகளை ஒரு குழுவிலும், மற்ற நான்கு அணிகளை இன்னொரு குழுவிலும் வைத்தார்கள். தொடக்கத்தில் சமமானவர் சமமானவரோடு மோதினர். அதன்பின் மேலே ஏற வழியும் இருந்தது. முன்னேறிய நாடுகளின் பயிற்சியாளர்களைப் பின்தங்கிய நாடுகளுக்கு வழிகாட்டிகளாக அனுப்பினார்கள். உலகப் போட்டியையே பல பிரிவுகளாக்கி, கீழ்ப் பிரிவில் வென்றவர் மேல் பிரிவுக்கு ஏறவும், மேல் பிரிவில் கடைசியாக வந்தவர் கீழே இறங்கவும் ஏற்பாடு இருக்கிறது. 2022 ஒலிம்பிக்கில் எட்டு மகளிர் அணிகள் பத்தாயின.

இந்த ஏணியின் அடிப்படியில் நம் நாட்டுப் பெண்களும் நிற்கிறார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? லடாக்கிலும் இமாசலத்திலும் குளிர்காலத்தில் குளங்கள் உறையும் சில வாரங்களே அவர்களுக்குப் பயிற்சிக் காலம். 2016இல் முதன்முறையாகச் சர்வதேசப் போட்டிக்குச் சென்றார்கள். ஒரு வெற்றியும் இல்லை. 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4–3 என்று வென்றார்கள். 2025இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம்! அவர்களைக் கனடாவோடு மோத விட்டிருந்தால் 82 என்ன, 100 கோல்கூட விழுந்திருக்கலாம். தமக்கு நிகரானவரோடு ஆடினார்கள். ஆகவே வளர்ந்தார்கள்.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. "வென்றவர்கள் பத்துக் கோலோடு நிறுத்தியிருக்கலாமே, பதினேழு ஏன்?" என்பது. இதற்குப் போட்டியின் அமைப்பே காரணம். அந்த இளையோர் கோப்பையில் ஆறு குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதலாவதாக வருபவர் கால் இறுதிக்குப் போவர். இரண்டாவதாக வரும் ஆறு பேரில் இருவருக்கே இடம். புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். ஆகவே ஒவ்வொரு கோலும் கணக்கில் சேரும் பணம். நிறுத்தினால் நாளை நாமே வெளியே நிற்க நேரலாம். மேலும், வேண்டுமென்றே சோம்பி ஆடுவது எதிரியை இரண்டாம் முறை அவமதிப்பதாகும். முழுத் திறமையோடு ஆடுவதே மரியாதை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் கை குலுக்க வேண்டும். எள்ளி நகைக்கக் கூடாது. குறுவட்டப் போட்டியில் எங்களை வென்ற பள்ளியின் தலைவி வலைக்கு அடியில் குனிந்து வந்து என்னிடம், "உங்க சர்வீஸ் நல்லா இருந்துச்சு அக்கா" என்றாள். 25–4 எனக்கு மறந்துவிடும். அந்தச் சொல் மறக்காது.

மதகும் வாய்க்காலும்

இவற்றையெல்லாம் நான் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஹாக்கியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வயலைப் பற்றிப் பேசினார்.

"பொன்னாத்துல தண்ணி விட்டுட்டாங்கன்னு பேப்பர்ல போடுவாங்க. தலைமடைக்காரன் நட்டு முடிச்சிடுவான். கடைமடைக்காரன் வயல்ல ஈரமே இருக்காது. மதகைத் தொறந்தா போதுமா? வாய்க்கால் தூர் வாரியிருக்கணும்ல?"

கொள்ளிடக் கரையில் பிறந்த நமக்கு இதைவிடத் தெளிவாக எவர் விளக்க முடியும்? இருபத்து நான்கு நாடுகளை அழைப்பது மதகைத் திறப்பது. அது தேவை. மதகே திறக்காவிட்டால் கடைமடைக்கு ஒரு நாளும் தண்ணீர் இல்லை. ஆனால் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் திறந்த மதகாலும் பயனில்லை. பயிற்சி, திடல், நிகரானவரோடு அடிக்கடி ஆடும் வாய்ப்பு, இவையே வாய்க்கால். கடைமடை காய்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு 'மதகை மூடு' என்பவரும் தவறு செய்கிறார். 'மதகைத் திறந்துவிட்டேன், என் கடமை முடிந்தது' என்பவரும் தவறு செய்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 17–0 என்று தோற்ற ஓமன் அன்றே வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. ஒவ்வோர் அணிக்கும் குழுவில் மூன்று ஆட்டங்கள் உண்டு. அதன்பின் கடைசி இடங்கள் வரை தீர்மானிக்கத் தனி ஆட்டங்கள் உண்டு. அங்கே பின்தங்கியவர் பின்தங்கியவரோடு மோதுவர். நம் அணிக்குக் கிடைத்ததோ ஒரே ஓர் ஆட்டம், அரைமணி நேரம். உலகக் கோப்பை தன் கடைசி அணிக்குத் தந்ததைக்கூடக் குறுவட்டப் போட்டி நமக்குத் தரவில்லை! நம் குறை நாம் தோற்றது அன்று. தோற்றபின் ஆட நமக்கு ஆட்டமே இல்லாததுதான் குறை.

என் வேண்டுகோள்

ஆகவே, அணியை நிறுத்த வேண்டாம் என்று மட்டும் நான் கேட்கவில்லை. வாய்க்காலையும் வெட்டுங்கள் என்று கேட்கிறேன்.

பெருமதிப்பிற்குரிய சிஸ்டர்களுக்கும் ஆசிரியைகளுக்கும்: போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு அணியைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் வேண்டாம். ஆறாம் வகுப்பிலேயே பந்தைக் கையில் கொடுங்கள். வாரத்தில் இரண்டு மாலை ஒரு மணி நேரம் போதும். நம்மைப் போன்ற சிறு பள்ளிகள் சுற்று வட்டாரத்தில் எத்தனையோ உள்ளன. மாதம் ஒரு முறை அவர்களை இங்கே அழைப்போம். நாம் அங்கே செல்வோம். எங்களை வென்ற பள்ளியையும் ஒரு நாள் அழைப்போம். அவர்கள் ஆடுவதை அருகிலிருந்து பார்ப்பதே பாதிப் பயிற்சி. குறுவட்டப் போட்டியை நடத்துவோரிடம், முதல் சுற்றில் தோற்ற பள்ளிகளுக்குள் அன்றே இன்னொரு போட்டி நடத்தும்படி எழுதிக் கேட்போம். கூடுதல் செலவு ஒன்றும் இல்லை. திடலும் வலையும் அங்கேயே இருக்கின்றன. வந்த பிள்ளைகளும் மரத்தடியில்தான் இருக்கிறார்கள்.

அன்புள்ள பெற்றோர்களுக்கு: வாய்க்காலில் பெரிய அடைப்பு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை ஐந்து மணிப் பேருந்தைத் தவறவிட்டால் என்ன ஆகுமோ என்ற அச்சம். அது பொய்யான அச்சம் அன்று. என் அம்மாவுக்கும் அது உண்டு. ஆனால் ஒரே தெருவில், ஒரே கிராமத்தில் இருந்து வரும் பிள்ளைகளின் பெற்றோர் முறை வைத்துக்கொண்டு அந்த இரண்டு மாலைகளில் அழைத்துச் செல்லலாமே. தம்பி இருட்டும் வரை ஊர்ப் பொதுத் திடலில் கிரிக்கெட் ஆடுகிறான், எவரும் கேட்பதில்லை. அக்காவுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் தாருங்கள். நாடுகளுக்கிடையே உள்ள இடைவெளியை நாம் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். வீட்டுக்குள் உள்ள இடைவெளியைப் பார்க்கத் தொலைக்காட்சி தேவையில்லை.

கூட்டத்தில் எழுந்து பேசிய அந்தத் தந்தையாருக்கும் ஒரு சொல். ஐயா, உங்கள் மகள் அன்று அழுதது தோற்றதற்காக மட்டும் அன்று. அவள் என் அருகில்தான் அமர்ந்திருந்தாள். பேருந்தில் அவள் என்னிடம் கேட்டது இதுதான்: "அக்கா, இன்னொரு மேட்ச் ஆட விட்டிருந்தா நான் அந்த சர்வீஸை எடுத்திருப்பேன்ல?" அந்த இன்னொரு ஆட்டத்தை அவளுக்குத் தாருங்கள்.

என் தங்கையருக்கு: அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அடுத்த ஆண்டு 25–4 என்பது 25–12 ஆகட்டும். அதற்கடுத்த ஆண்டு 25–20 ஆகட்டும். அதை எவரும் செய்தித்தாளில் எழுத மாட்டார்கள். நீங்கள் மட்டும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

சென்ற வாரம் அப்பாயி என்னிடம், "அந்த ஓமன் புள்ளைங்க மறுபடி ஆடுதாடி?" என்று கேட்டார். ஆட்டம் தெரியாத அப்பாயிக்கே அவர்கள் நினைவில் நின்றுவிட்டார்கள்.

"ஆடுவாங்க அப்பாயி" என்றேன்.

"ஆடட்டும், ஆடட்டும். அடுத்த வாட்டி ஒண்ணாவது போடுவாங்க" என்றார்.